சத்துவாச்சாரி பக்கவாதக் குழு: செவ்வாய்க் குறிப்புகள்

ஏப்ரல் 7
வெயில் ஏறுமுன் முடிக்க 7 மணிக்கே தொடக்கம். எட்டுப் பேர். அதற்கு மேல் சேர்த்தால் பேச்சு தடுமாறுகிறவர்களுக்குப் பேச வாய்ப்பே வராது. கைப்பிடி உள்ள நாற்காலிதான் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது பின்னால் சறுக்கும், சுவரோடு ஒட்டிப் போட்டோம்.

ஆளுக்கு ஒரு வேலை. "நடக்கணும்" என்றால் போதாது. "தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கணும்" என்றால் சரி. முடியும் என்ற தெம்புக்கு 0 முதல் 10 வரை மார்க். 7க்குக் குறைந்தால் வேலையைச் சின்னதாக்குகிறோம். பால் வாங்க 4 என்ற அம்மாவுக்கு இந்த வாரம் வாசல் கேட் வரை மட்டும்.

ஏப்ரல் 14
சித்திரை முதல் நாள். கூட்டம் இல்லை.

ஏப்ரல் 21
டவுன் பஸ் படி என்றாலே எல்லோருக்கும் பயம். 15 செ.மீ. மரப்பெட்டியில் ஆரம்பித்தோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலமில்லாத கால் முதலில். தடி நல்ல கையில். துணைக்கு நிற்பவர் பலமில்லாத பக்கமாக, ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். பிடிப்பது இடுப்பு பெல்ட்டை. பலமில்லாத கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகி, பல மாதம் வலிக்கும். வீட்டார் பாசத்தில் செய்கிற தவறு இதுதான்.

எவ்வளவு சொல்லியும் எழாத பெரியவர், தன்னைப் போலவே இடது பக்கம் வராத ஒருவர் ஏறி இறங்கியதைப் பார்த்ததும் தானாக எழுந்தார். இரண்டு முறை கட்டைவிரல் பெட்டி விளிம்பில் தட்டியது. கணுக்கால் மேலே மடங்காததால் பாதம் தொங்குகிறது. முழங்காலை இன்னும் தூக்கச் சொன்னதும் தட்டவில்லை. ரப்பர் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ள செருப்புதான் காலோடு நிற்கும்.

மே 5
கத்திரி வந்துவிட்டது, 6.30க்கு மாற்றினோம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு வெறும் தண்ணீரை நீட்டக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். எப்படிக் கொடுப்பது என்று அவருடைய தெரபிஸ்ட் சொன்னபடிதான்.

பேச்சு வராத ஒருவரிடம் "என்ன வேணும்ண்ணே?" என்று கேட்டால் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். மனைவியைக் குறை சொல்ல மாட்டோம், இத்தனை மாதமும் கணவருக்கு வாய் அவர்தான். கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும் என்று வைத்தோம். டீத்தூள் டப்பாவையும் காபித்தூள் டப்பாவையும் எதிரே வைத்தோம். எட்டு எண்ணும்போது விரல் நகர்ந்தது. "டீ."

பால் வாங்க 4 என்ற அம்மா கேட் வரை ஐந்து நாள் போய்வந்திருக்கிறார். பால் பாக்கெட்டுக்கு இப்போது மார்க் 6. அடுத்த வாரம் பாதித் தெரு.