அட்டையின் பின்பக்கம்

"இந்தப் பதிவு அட்டையில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா?" என்று அந்த அம்மா கேட்டார். "பின்பக்கத்தில் கவுன்சிலரின் குறிப்பு இருக்கிறது" என்றேன். கவுன்சிலர் என்றால், யார் எந்தப் பிரிவில் படிக்கலாம் என்று மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர். "காட்டுங்கள்" என்றார். காட்டினேன். காட்டியிருக்க வேண்டுமா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் பழைய மாணவர் பதிவுகள் என் பொறுப்பு. அந்த அம்மா 1962இல் பள்ளி முடித்தவர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எஃகு ஆலை ஊர், அப்பா ஆலைத் தொழிலாளி. கேட்டது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மார்க் பட்டியல், மட்டும்தான். ஜியாமெட்ரியில் என்ன மார்க் வாங்கினோம் என்று பார்க்க ஆசை என்றார்.

அந்தக் கால அட்டைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மார்க் வரிசையே கதை சொல்லிவிடும். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா, லத்தீன், சிவிக்ஸ், ஜெனரல் சயின்ஸ், எல்லாவற்றிலும் தொண்ணூறுக்கு மேல். பத்தாம் வகுப்பில் பிளேன் ஜியாமெட்ரி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மார்க் போடும் வழக்கம். முதல் கட்டத்தில் 96. அடுத்த கட்டத்திலிருந்து வெறும் கோடு. அதற்குக் கீழே டைப்பிங் ஆரம்பிக்கிறது. பதினொன்றில் கிரெக் முறை ஷார்ட்ஹேண்ட், புக்கீப்பிங். பன்னிரண்டில் ஆபீஸ் பிராக்டிஸ். கல்லூரிக்குத் தயார் செய்யும் அகாடமிக் கோர்ஸில் இருந்த பெண் ஆறே வாரத்தில் அலுவலக வேலைக்குத் தயார் செய்யும் கமர்ஷியல் கோர்ஸுக்குப் போய்விட்டாள். பள்ளி முடிந்ததும் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஸ்டெனோ வேலை, ஓய்வு பெறும் வரை அதே துறை.

ஆலைத் தொழிலாளி மகளுக்குக் கல்லூரி எதற்கு என்று கவுன்சிலர்தான் தன்னை மாற்றிவிட்டார் என்று அவர் நினைத்திருந்தார். வருகைப் பதிவுக்குக் கூடும் ஹோம்ரூமில் ஒருநாள் புதிய டைம்டேபிள் சீட்டு வந்தது, அவ்வளவுதான் தெரியும் என்றார். பின்பக்கத்தில் இருந்தது வேறு. 1959 அக்டோபர் தேதியிட்டு, கல்லூரிக்குத் தகுதியானவர், அகாடமிக் கோர்ஸில் தொடரப் பரிந்துரை, தந்தைக்குக் கடிதம் அனுப்பப்பட்டது, தந்தை மறுத்துவிட்டார் என்று அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு.

அதைப் படித்துவிட்டு அவர் சொன்னதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. "எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். அப்பாவுக்கு ஸ்லோவாக் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். இப்படி ஒரு கடிதம் வரவில்லை."

என் பக்கம் நியாயம் இருக்கிறது. தன் பதிவை முழுதாகப் பார்க்கும் உரிமையை, கல்விப் பதிவுகள் பற்றிய 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அவருக்குத் தருகிறது. நேரடியாகக் கேட்டவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்வது பொய். உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், கேட்டதை மட்டும் கொடு, முன்பக்கம்தான் டிரான்ஸ்கிரிப்ட் என்கிறார். அதை நான் ஏற்கவில்லை. அந்த அட்டை அவருடையது. எந்தப் பக்கம் அவருக்கு உகந்தது என்று முடிவு செய்ய நான் யார்? சரி, அப்படியென்றால் ஏன் மனது அடங்கவில்லை? எண்பது வயதில் ஒருவர் தன் அப்பாவைப் பற்றி இனி யாரிடம் போய்க் கேட்பார்?

அந்த வரி உண்மைதானா என்பதே எனக்குத் தெரியவில்லை. 1957இல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேலே போனது. பின்தங்கிவிட்டோம் என்ற பயத்தில் அடுத்த வருடமே அமெரிக்காவில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. திறமையான பிள்ளைகளைத் தேர்வு வைத்துக் கண்டுபிடித்துக் கல்லூரிக்கு அனுப்ப, கவுன்சிலர்களுக்கென்றே அதில் பணம் ஒதுக்கினார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி 1959இல் வந்த தன் அறிக்கையில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், 250 முதல் 300 மாணவர்களுக்கு ஒரு கவுன்சிலர் வேண்டும் என்றார். கல்லூரிப் பிரிவு, கமர்ஷியல் பிரிவு என்று மாணவர்களை முத்திரை குத்தவே கூடாது என்றும் சொன்னார். அதே வருடம்தான் இந்த அட்டையில் அந்த முத்திரை விழுந்திருக்கிறது. 96 வாங்கிய பெண்ணை வெளியே அனுப்பியதற்கு ஒரு காரணம் எழுதியாக வேண்டும் என்று, அனுப்பாத கடிதத்தை அனுப்பியதாக எழுதியிருப்பார்களோ? சில நாள் அப்படித்தான் நம்புகிறேன்.

அப்புறம் தேதியைப் பார்க்கிறேன். 1959 ஜூலை 15 முதல் 116 நாள், சுமார் ஐந்து லட்சம் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அந்த அக்டோபரில் அந்த வீட்டில் சம்பளம் இல்லை. சீக்கிரம் வேலை கிடைக்கிற படிப்பே போதும் என்று ஒரு அப்பா சொல்லியிருந்தால், அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கடிதம் இல்லாமல் நேரில் கூப்பிட்டும் பேசியிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. அதை எழுதவே தயங்குகிறேன். கடிதங்களைப் படித்துச் சொன்னது பதினைந்து வயதுப் பெண். வீட்டு நிலைமை அவளுக்குத் தெரியும். ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, பள்ளியிலிருந்து ஏதோ அறிவிப்பு என்று மட்டும் சொல்லியிருந்தால்? அறுபது வருடத்தில் அது அவருக்கே மறந்துபோயிருந்தால்? அவர் முகத்தில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்றே என் மனது சொல்கிறது. ஆனாலும் ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதைச் சந்தேகிக்கும் பழக்கத்தை இந்த வேலை எனக்குக் கொடுத்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பதிவில் தவறு இருந்தால் திருத்தக் கோரலாம், பள்ளி மாவட்டம் விசாரித்து மறுத்தால் உங்கள் விளக்கத்தை எழுதி இதோடு சேர்த்து வைக்கச் சொல்லலாம், அட்டை இருக்கும் வரை அதுவும் கூடவே இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். "யாருக்கு எதிராக எழுதுவது? பள்ளிக்கா, அப்பாவுக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நகல் வாங்கிக்கொண்டார். கோரிக்கை எதுவும் இதுவரை வரவில்லை. கூப்பிட்டு நினைவூட்டலாமா என்று யோசிக்கிறேன். அது உதவியா, அவரைத் திரும்பவும் அந்த வரிக்கு இழுப்பதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.