ஒரு பக்க அறிக்கைக்கு இரண்டு மாதம்

நூல் நூற்கும் மெஷின்களான புது ரிங் ஃபிரேம்கள் ஓடத் தொடங்கிய நான்காவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன். உற்பத்தி எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு பக்கம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

எங்களுடையது உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய நூற்பாலை. ஃபிரேமுக்கு 480 ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்) வீதம் எட்டுப் பழைய ஃபிரேம்கள் இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு 1,200 ஸ்பிண்டில் கொண்ட மூன்று புதிய ஃபிரேம்களைப் போட்டோம். நூல் நிறைந்த குழல்களைக் கழற்றி வெறுங்குழல்களைப் போடும் வேலையை, அதாவது டாஃபிங்கை, தாமாகவே செய்துகொள்ளும் ரகம். பழைய உற்பத்தி ஷிப்டுக்கு 330 கிலோ என்று சூப்பர்வைசர் சொன்னார். புதியது எடை போட்டுப் பார்த்ததில் 218. அதை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு கோவைக்கு பஸ் ஏறினேன்.

கணக்கு அதிகாரி காகிதத்தை ஒரு முறைதான் பார்த்தார். "கடன் வாங்கி மெஷின் போட்டது உற்பத்தியைக் குறைக்கவா? சரி, இந்த 330க்கு ஆதாரம் எங்கே?" பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். போக வர நான்கு மணி நேரம் வீண்.

அவர் பேசிய தொனி பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு கேள்வியும் நியாயம். முதல் கேள்விக்குப் பதில் என் மேஜையிலேயே இருந்தது. பழைய ஃபிரேம்களில் ஓட்டியது 40ஆம் நம்பர் நூல், புதியவற்றில் 60ஆம் நம்பர். நம்பர் ஏறினால் நூல் மெலியும். முறுக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதே வேகத்தில் ஓடினாலும் 40இல் 184 கிலோ இறங்கும் இடத்தில் 60இல் 100 கிலோதான் இறங்கும். அதனால்தான் மில்களை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் 40ஆம் நம்பருக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். இத்தனை வருடம் மில்லில் இருந்துவிட்டு வெறும் கிலோவை எழுதிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இன்னொன்றும் இருந்தது. ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள வளையமான ரிங் புதிது. அதன்மேல் ஓடி நூலை வழிநடத்தும் சின்னக் கொக்கிதான் டிராவலர். ரிங்கும் டிராவலரும் ஒன்றுக்கொன்று பழகும் வரை வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். டிராவலரையும் அடிக்கடி மாற்றுவார்கள். நான் எடை எடுத்தது சரியாக அந்த நாட்களில். புது மெஷினின் முதல் மாதக் கணக்கை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கேள்விதான் என்னை அலைக்கழித்தது. பழைய ஃபிரேம்கள் ஸ்கிராப்புக்குப் போன அன்றே, இடம் அடைக்கிறது என்று பழைய ரெஜிஸ்டர்களையும் எடைக்குப் போட்டிருந்தார்கள். கடைக்காரரிடம் ஓடினேன். காகிதம் லாரி ஏறி ஒரு வாரம் ஆகியிருந்தது. மின்சாரக் கணக்கிலாவது எதையாவது பிடிக்கலாம் என்று பார்த்தால், ரிங் ஃபிரேம், ஈரப்பத மின்விசிறி, கம்ப்ரஸர் எல்லாம் ஒரே மீட்டர். "தனி மீட்டர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே சார்" என்றார் எலெக்ட்ரீஷியன். கிலோவுக்கு எத்தனை யூனிட் மிச்சமானது என்பதை அறிக்கையில் கடைசிவரை எழுத முடியவில்லை.

காப்பாற்றியது டாஃபிங் மேஸ்திரியம்மா. ஊக்கத்தொகை டாஃப் எண்ணிக்கையை வைத்துத்தான் என்பதால், ஆபீஸ் கணக்கை நம்பாமல், எந்த ஃபிரேம் எத்தனை மணிக்கு டாஃப் ஆனது என்று தினமும் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தார். முனை மடங்கி எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. "திருப்பித் தந்துவிட வேண்டும், தம்பி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். எட்டு ஃபிரேமுக்கும் சேர்த்து ஷிப்டுக்குச் சராசரி 12 டாஃப். டாஃபுக்கு 480 காப்ஸ் (நூல் சுற்றிய குழல்), காப்ஸுக்கு 55 கிராம் நூல். பெருக்கினால் 317 கிலோ. சூப்பர்வைசர் சொன்ன 330, நல்ல நாளின் ஞாபகம்.

ரிங் பழகி வேகம் ஏறிய பிறகு மறுபடி எடை எடுத்தோம். ஷிப்டுக்கு 246 கிலோ. 40ஆம் நம்பருக்கு மாற்றினால் ஏறக்குறைய 453. ஒரு ஸ்பிண்டிலுக்கு என்று பார்த்தால் 82.5 கிராம் சுமார் 126 கிராமாக ஏறியிருந்தது. அதுவும் குறைவான ஸ்பிண்டில்களில்.

இதைப் பார்த்ததும் கணக்கு அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. டாஃபிங்கில் இருந்த பெண்களின் சம்பளத்தையும் மிச்சம் என்று சேர்த்துவிடச் சொன்னார். அவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. காப்ஸ் நூலைப் பெரிய கோன்களில் சுற்றும் ஆட்டோகோனருக்கும் பேக்கிங்குக்கும் மாறியிருந்தார்கள். சம்பளப் பட்டியலில் ஒரு பெயர்கூடக் குறையவில்லை. ரிங் ஃபிரேம் பகுதியில் ஆள் நேரம் குறைந்தது, ஆலை முழுவதும் குறையவில்லை என்று இரண்டு வரியாக எழுதினேன். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அப்படியே இருக்கட்டும் என்றார்.

மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது என்று அதன் திரையில் தெரியும் சதவீதத்தையும் நம்பிவிடாதீர்கள். எங்கள் திரை 96 காட்டியது. முந்தைய கட்ட மெஷினான சிம்ப்ளக்ஸிலிருந்து ரோவிங் (நூலாகும் முன் தயாராகும் பஞ்சுத் திரி) வராமல் மெயின் சுவிட்சை அணைத்துவைத்த நேரம் அந்தக் கணக்கில் ஏறவேயில்லை. ஒரு வாரம் கடிகாரத்தோடு நின்று அதைத் தனியாகக் குறித்தேன்.

மூன்றாவது பயணத்தில் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். முதலாளி ரோவிங் வரியில் விரலை வைத்து, "அப்படியானால் சிம்ப்ளக்ஸையும் மாற்ற வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, பழைய சிம்ப்ளக்ஸுக்குத் தனி மீட்டர் போட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.