ஒரு நாழிகை, ஒரு வேலை

மே 6, 2024, திங்கள். தோட்டப்பாளையம், வேலூர்

சென்ற வாரம் நான் செய்த பிழையை முதலில் எழுதிவிடுகிறேன். நீரிழிவு நோயாளிகளுக்கான நாற்பது பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ள வேண்டிய இன்சுலினைச் 'சாப்பிட்ட பின்' என்று தட்டச்சு செய்துவிட்டேன். சரிபார்த்த செவிலியர் கண்டுபிடித்ததால் அது அச்சுக்குப் போகவில்லை. அந்த வரியின் நடுவில் கைப்பேசி அழைத்ததும், பேசிவிட்டு வந்து மீதியை எழுதியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவர் நம்பிப் படிக்கும் வரி அது என்பதால், மீதமுள்ள பக்கங்களை நேரம் வகுத்துக்கொண்டு செய்வதென்று முடிவு செய்தேன்.

பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியர், 1980களின் பிற்பகுதியில் மாணவராக இருந்தபோது, படிப்பில் மனம் நிற்காததால் தக்காளி வடிவச் சமையலறை டைமரை முடுக்கி வைத்துப் படிக்கத் தொடங்கினார். இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பொமோடோரோ என்று பெயர். முறைக்கும் அதுவே பெயராயிற்று. 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிட ஓய்வு. நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு.

மே 7, செவ்வாய்

நேதாஜி மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் திருகி வைக்கும் டைமர் கிடைத்தது. கைப்பேசியிலேயே இந்த வசதி உண்டு. ஆனால் நேரம் பார்க்க அதைத் தொட்டாலே வேறு பத்துச் செய்திகள் கண்ணில் படும் என்பதால் அதை அலமாரியில் வைத்துவிட்டேன்.

பஞ்சாங்கத்தைப் புரட்டியபோது ஒன்று தோன்றியது. பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். நாழிகை வட்டிலில் நீரை அளந்து பொழுது சொன்ன நம் முன்னோர் இந்த அளவை வேறு தேவைக்காக வகுத்தார்கள் என்றாலும், ஒரு சுற்றை நாழிகை என்று சொல்லிக்கொள்வது எனக்கு இயல்பாக இருக்கிறது. இன்று மூன்று நாழிகை உருப்படியாகப் போயின. நான்காவதில் பாதியில் எழுந்துவிட்டேன். சுற்றைத் துண்டாக்கக் கூடாது என்பது விதி என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மே 9, வியாழன்

கவனம் சிதறும்போதெல்லாம் தாளில் குறியிட வேண்டும் என்பதும் சிரிலோவின் முறைதான்: தனக்குள்ளிருந்து எழும் இடையூறுக்கு ஒரு மேற்புள்ளி, வெளியிலிருந்து வருவதற்கு ஒரு சிறு கோடு. வீட்டாரால்தான் என் வேலை கெடுகிறது என்று இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன். இன்று மாலை எண்ணிப் பார்த்தால் கோடு நான்கு, மேற்புள்ளி பதினேழு. மின்கட்டணம் கட்டினேனா, தங்கை பதில் அனுப்பினாளா, 'கணையம்' என்ற சொல் எல்லோருக்கும் புரியுமா என்று எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தொல்லைகள் அவை. ஓரத்தில் ஒரு சொல்லாகக் குறித்துவிட்டால் பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன.

அம்மா கூப்பிட்டபோது, "இன்னும் பத்து நிமிஷம்மா, மணி அடிச்சதும் வந்துடறேன்" என்றேன். மணி அடித்ததும் போனேன். சொன்னபடி போவது மிக முக்கியம் என்று கருதுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த முறை அவர் காத்திருக்க மாட்டார்.

ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் காட்டியிருக்கிறார். இன்சுலின் வரியைத் தட்டச்சு செய்த என் விரல்கள் கையேட்டில் இருந்தாலும், மனம் அந்த அழைப்பிலேயே இருந்திருக்கிறது.

மே 10, வெள்ளி

அக்னி நட்சத்திர வெயில். பிற்பகல் மூன்று மணிக்கு மின்சாரம் போய், மின்விசிறி நின்று, இரண்டு சுற்றுகள் கெட்டன. மாலையில் டைமர் இல்லாமலே இரண்டு பக்கம் எழுதி முடித்தேன்.

மே 13, திங்கள்

சுற்று முடிய ஆறு நிமிடம் இருக்கும்போதே பகுதி முடிந்துவிட்டது. வேலை முந்தி முடிந்தாலும் மணி அடிக்கும்வரை அதையே திரும்பப் பார்க்க வேண்டும் என்ற விதியை இதுவரை நான் பொருட்படுத்தவில்லை. இன்று பார்த்தேன். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட்டும், பேனா வடிவ ஊசிகளில் 100 யூனிட்டும் இருக்கும். குப்பிக்கு ஏற்ற சிரிஞ்சைப் பயன்படுத்தாவிட்டால் அளவு தவறிவிடும். நான் எழுதிய வாக்கியத்திலோ எந்தச் சிரிஞ்சு எதற்கு என்பதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். அதை இரண்டு வாக்கியமாகப் பிரித்தேன்.

வேலை ஓட்டம் பிடித்திருக்கும்போது மணி அடிப்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. அடுத்து வர வேண்டிய சொல்லைப் பென்சிலால் குறித்துவிட்டு எழுந்தால், மொட்டை மாடியில் கிழக்கு மலைகளைப் பார்த்துவிட்டு வந்ததும் விட்ட இடம் உடனே பிடிபடுகிறது.

மே 17, வெள்ளி

கையேடு திரும்பி வந்தது. செவிலியர் இரண்டு திருத்தம் போட்டிருக்கிறார். இரண்டும் பத்தாம் தேதி மாலை எழுதிய பக்கங்களில் இருந்தன. அந்த இரு பக்கங்களையும் இன்று காலை மூன்று நாழிகை செலவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.