2015-ல் போட்ட மாங்கா பில்

காவேரிப்பட்டணத்துல மாங்கா மண்டிகளுக்கு பில் போடுற சாஃப்ட்வேர் பண்றேன். நானும் தர்மபுரியில ஒரு தம்பியும், அவ்ளோதான் டீம். கோடுல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வெக்கிற சாஃப்ட்வேர் கிட், அதோட பதிவுப் பட்டியல் லாக். மாசக் கடைசியில அந்த லாக்குல, 'இந்தத் தேதியில இருந்து' காட்டுன்னு சொல்ற சின்ஸ் ஆப்ஷன் போட்டு, அந்த மாசத்து வேலையை எடுத்து மண்டிக்காரருக்கு கணக்கு கொடுப்பேன். ஜூன் மாசத்துக்கு எடுத்தா ஒரு வரிகூட வரல. பெங்களூரா மாங்கா லோடு லோடா இறங்குற நேரம், நாங்க தூங்காம வேலை பார்த்த மாசம் அது.

சின்ஸை எடுத்துட்டு வெறும் லாக் பார்த்தேன். எல்லாமே இருக்கு. ஆனா உச்சியில இருக்குற, அதாவது கடைசியா பதிஞ்ச கமிட்டுக்கு (ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்) தேதி 2015 ஜனவரி 1. கழிவு எடையைத் தனியா காட்டுற திருத்தம். அந்த மண்டியோட எங்களுக்குப் பழக்கமே போன வருஷம்தான்.

தம்பிக்கு போன் போட்டேன். "நேத்து கரண்ட் போயி வந்துச்சுக்கா, கடிகாரம் பின்னாடி போயிருச்சு. பிரவுசர் திறக்க மாட்டேன்னுச்சு, உடனே சரி பண்ணிட்டேனே" ங்கறான். பண்ணியிருக்கான், கமிட்டும், அதை சர்வருக்கு அனுப்புற புஷ்ஷும் முடிஞ்ச பிறகு. கரண்ட் இல்லாதப்போ கடிகாரத்தை ஓட்டுற, மதர்போர்டுல இருக்குற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கு. பிரவுசர் மாதிரி எச்டிடிபிஎஸ் வழியா புஷ் பண்ணியிருந்தா, சர்வரோட சர்டிஃபிகேட் இன்னும் அமலுக்கே வரலைன்னு அங்கேயே மாட்டியிருக்கும். நாங்க அனுப்புறது எஸ்எஸ்எச்ங்கற வேற வழியில. அது தேதியெல்லாம் கேக்காது.

சரி, ஒரு கமிட் தப்புன்னா மாசமே ஏன் காணாம போகணும்? 1970-ல இருந்து எத்தனை செகண்டுன்னு மெஷின் சொல்றதை கிட் அப்படியே எழுதி வெச்சுக்கும். மாத்தத்தை முதல்ல எழுதின ஆத்தர் தேதி, அந்தக் கமிட்டைப் பதிஞ்ச கமிட்டர் தேதின்னு ரெண்டு உண்டு. சின்ஸ் பார்க்கிறது கமிட்டர் தேதியை. மேல இருந்து இறங்கி வரும்போது கேட்ட தேதிக்கு முந்தின ஒண்ணைப் பார்த்துட்டா, இதுக்குப் பின்னாடி எல்லாம் இதைவிடப் பழசுதான்னு அதோட நிறுத்திடும். எங்களுக்கு முதல் படியிலேயே நின்னுடுச்சு.

மண்டி கணக்குப்பிள்ளை பில் புக்குல தேதி தப்பா இருந்தா அலட்டிக்க மாட்டார். நம்பரைப் பார்ப்பார், 412-க்கு அப்புறம் 413, முடிஞ்சது. கிட்டுல அந்த நம்பர் வேலையைச் செய்யறது பேரண்ட், அதாவது தனக்கு முந்தின கமிட் எதுன்னு ஒவ்வொரு கமிட்டும் வெச்சிருக்குற குறிப்பு. அதனால எங்க ரெண்டு பேர் வேலையையும் ஒண்ணா சேர்க்குற மெர்ஜ் எதுவும் கெடல, கோடும் பத்திரம்.

அமெண்ட் பண்ணி, அதாவது அந்தக் கமிட்டையே திருத்தி எழுதி, தேதியை மாத்திடலாமான்னு தம்பி கேட்டான். மாத்தினா கமிட்டோட அடையாளமான ஹேஷ் மாறும், சர்வர்ல இருக்குறதுக்கு மேலயே எழுதுற ஃபோர்ஸ் புஷ் பண்ணணும். ரெண்டு மண்டி கம்ப்யூட்டர் ஏற்கெனவே அந்த கமிட்டை இழுத்தாச்சு. சீசன்ல அந்த வம்பு வேணாம்டான்னுட்டேன். 2022-ல வந்த கிட் 2.37-ல சின்ஸ்-ஆஸ்-ஃபில்டர்னு ஒரு ஆப்ஷன் சேர்த்திருக்காங்க. அது பாதியில நிக்காம கடைசி வரைக்கும் போய்ப் பொறுக்கிட்டு வரும். ஜூன் வேலை மொத்தமும் வந்துடுச்சு, அந்த ஒரு கமிட் தவிர. அதை நானே கையால சேர்த்தேன், தேதியை மாத்த மறந்து.

மண்டிக்காரர் கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சார். "ஏம்மா, 2015-லயே ஆரம்பிச்சுட்டீங்களா? அப்புறமும் ஏன் இவ்ளோ லேட்டு?"