ஆக்ஸ்ஃபோர்டின் மஞ்சள்: மூன்று தோல்வி, நான்காவது காய்கிறது

இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மொத்தமே 22 சென்டிமீட்டர்தான். அதன் அடிப்பக்கத்துக்கு மஞ்சள் அடித்து, சுரண்டி, மறுபடி அடித்து, மறுபடி சுரண்டி மூன்று வாரம் போய்விட்டது. செய்வது ஏர்ஸ்பீடு ஆக்ஸ்ஃபோர்டு என்ற இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், நிஜத்தில் 72இல் ஒரு பங்கு அளவு. பழைய அச்சு, பொருத்தம் சுமார், ஆனால் அதெல்லாம் இடைவெளி நிரப்பும் புட்டிப் பசையால் தீர்ந்தது. மஞ்சள்தான் தீரவில்லை.

இதற்கு முன் செய்தது விமானி ஜான் கில்லெஸ்பி மகீயின் ஸ்பிட்ஃபயர் போர்விமானம், வரிசை எண் ஏடி291. கனடா விமானப்படையின் 412ஆவது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு). அமெரிக்கப் பையன், தன் நாடு போரில் இறங்கும்வரை காத்திராமல் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தவர். அமெரிக்கா போருக்குள் வந்த நான்காம் நாள், 1941 டிசம்பர் 11 அன்று, இங்கிலாந்தின் லிங்கன்ஷயருக்கு மேலே ஒரு பயிற்சிப் பறப்பில் மேகத்துக்குள்ளிருந்து இறங்கும்போது இன்னொரு விமானத்தோடு மோதினார். வெளியே குதித்தும் பாரசூட் விரிய உயரம் போதவில்லை. வயது 19. ஸ்கோப்விக் கல்லறையில் இருக்கிறார். கவிதை எழுதியவர் என்பதால் மாடல் செய்பவர்களில் அவருடைய ஸ்பிட்ஃபயரைச் செய்யாத ஆள் கிடையாது.

அந்த இன்னொரு விமானம்தான் ஆக்ஸ்ஃபோர்டு. கிரான்வெல் விமானப்படைத் தளத்தில் பயிற்சியில் இருந்தவர் ஓட்டியது. அவரும் பிழைக்கவில்லை. ஸ்பிட்ஃபயரை அலமாரியில் வைத்த நாளிலிருந்து பக்கத்து இடம் காலியாக இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டையும் மோதுகிற மாதிரி ஒரே பலகையில் வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. சும்மா பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும்.

சரி, மஞ்சள். மேலே பழுப்பும் பச்சையும், கீழே பயிற்சி விமான மஞ்சள். முதல் தடவை சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) மேலேயே அடித்தேன். எலுமிச்சங்காய் மாதிரிப் பச்சையடித்தது. இரண்டாவது, வெள்ளைப் பிரைமர். நிறம் பரவாயில்லை, ஆனால் மூடவேண்டுமே என்று கனமாக அடித்ததில் ஓரங்களில் விலகி, பள்ளங்களில் தேங்கி, கோடுகளெல்லாம் மறைந்தன. மூன்றாவது, இளஞ்சிவப்பு பிரைமர். சத்தியமாகச் சொல்கிறேன், மஞ்சளுக்கு அடியில் இதைவிட நல்ல நிறம் இல்லை. முட்டைக் கருபோல வந்தது. பூரிப்பில் மறுநாளே, அடுத்த நிறம் மஞ்சளில் படாமல் மறைக்க மாஸ்கிங் டேப் ஒட்டினேன். உரித்தபோது இடது இறக்கையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பிளாஸ்டிக் வரை உரிந்து வந்தது. டேப்பின் மேல் பழி போட்டு என்ன பயன்? ஆல்கஹாலால் துடைத்த பழைய பெயின்ட்டின் பிசுக்கைக் கழுவாமலே பிரைமர் அடித்தது நான்தான்.

நான்காவதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி, ஒரு நாள் காயவைப்பு. பிறகு இளஞ்சிவப்பு, அதன்மேல் மஞ்சள் ஐந்து மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் பார்க்கையில் அடித்த மாதிரியே தெரியாது, பொறுக்கவேண்டும். டேப்பை இனி புறங்கையில் நாலு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்த பிறகுதான் ஒட்டுவேன்.

விமானியின் கண்ணாடிக்கூண்டில் பெயின்ட் படாமல் ஒட்ட வாங்கிய, முன்பே வெட்டின மாஸ்க் வேறு கம்பெனி கிட்டுக்கானது. விற்றவரிடம் இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. அத்தனை சன்னலையும் கத்தியால் நானே வெட்டவேண்டும். இரண்டு சீட்டா எஞ்சினுக்கும் ஏழேழு சிலிண்டர், அது தனிக்கதை. இதற்குள் மகீ முதன்முதலில் பறக்கக் கற்ற ஃபிளீட் ஃபிஞ்ச் விமானத்தின் கிட் எங்காவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்துவிட்டேன். இரட்டை இறக்கை, நடுவே கம்பிகள். என் கைக்கு அது வேண்டாத வேலைதான்.

உடல் பாதிகளை ஒட்டுமுன் விமானி இருக்கைக்கு அடியில் அந்தக் கிரான்வெல் பையனின் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். மூடிவிட்டதால் இனி யாருக்கும் தெரியாது.

இப்போது ஆக்ஸ்ஃபோர்டு மல்லாந்து கிடக்கிறது. ஞாயிறு வரை தொடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். காய்ந்துவிட்டதா என்று இன்று காலை பார்த்ததில் வால் பக்கம் ஒரு விரல்ரேகை.