உப்பில்லாத கஞ்சி

குடல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மகளைப் பெரம்பூர் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவளுக்கு ஐந்து வயது, எடை 13 கிலோ. இரண்டு வயதில் குடல் முறுக்கிக்கொண்டு அழுகிவிட, பெரும்பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். அதன் பிறகு சாப்பாடெல்லாம் நெஞ்சில் போட்ட குழாய் வழியாக நேரே ரத்தத்துக்குத்தான். அது உயிரைக் காப்பாற்றியது, கூடவே கல்லீரலையும் கெடுக்க ஆரம்பித்தது. அதனால்தான் உறுப்புக்குப் பதிந்து காத்திருந்தோம்.

புதுக் குடல் வந்தாச்சு, இனி மளமளவென்று எடை ஏறும் என்று நினைத்தேன். ஏறவில்லை. வயிற்றுக்குழாயில் ராத்திரி முழுக்க ஃபார்முலா, பகலில் அரிசிக் கஞ்சி. கலோரிக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. குடலின் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே திறந்து விட்டிருந்தார்கள்; அதன்மேல் ஒட்டிய பையில் இறங்குவதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதுவேன். மூன்று வாரத்தில் நூறு கிராம்கூடக் கூடவில்லை.

டயட்டீஷியன் நோட்டைப் புரட்டிவிட்டு, "கஞ்சியில உப்பு போடறீங்களாம்மா?" என்றார். போடவில்லை. ஆபரேஷன் உடம்புக்கு உப்பு ஆகாது என்பது என் மாமியாரின் தீர்மானம். நானும் எதிர்த்துப் பேசவில்லை.

பை வழியாகத் தண்ணீரோடு சோடியமும் போய்க்கொண்டே இருக்குமாம். அது குறைந்தால் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. ரத்தத்தில் சோடியம் சரியாகவே காட்டியது. சிறுநீரகம் இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்வதால் சிறுநீரில் பார்த்தால்தான் தெரியுமாம். பார்த்தார்கள், அடிமட்டத்தில் இருந்தது. கஞ்சிக்கு இத்தனை கிராம் உப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் தராசு முள் நகர்ந்தது. (எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் டாக்டர் சொல்லும் அளவைத்தான் போட வேண்டும்.)

வாயால் சாப்பிட வைத்தது தனிக் கதை. மூன்று வருடம் மென்று பழகாத பிள்ளை. இட்லித் துணுக்கு நாக்கில் பட்டாலே குமட்டுவாள். கொழுப்பைக் குடலிலிருந்து எடுத்துச் செல்லும் நிணநீர்க் குழாய்கள் அறுவையில் அறுபடுவதால் முதல் சில வாரம் கொழுப்பு ஆகாது; நெய், எண்ணெய் கிடையாது. இனிப்பு கொடுத்தால் பை நிரம்பிவிடும். ஒரு நாள் மாமியார் அடுப்பில் அப்பளம் சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டை எடுத்து நக்கினாள். மறுநாள் கடித்தாள், நொறுங்கும் சத்தத்துக்குச் சிரித்தாள். மெல்லவும் விழுங்கவும் பழக்க வந்த பேச்சுப் பயிற்சியாளர், "நல்லதும்மா, அதுலயே போவோம்" என்றார். அப்பளத்திலிருந்து ரசம் சாதத்துக்கு வர எட்டு மாதம் ஆனது.

ஊரிலிருந்து வந்த பம்பளிமாஸை மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். புதுக் குடலை உடம்பு ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடுமாம்.

இப்போது ஏழு வயது, 18 கிலோ. உயரம்தான் மெதுவாகக் கூடுகிறது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இப்போது அந்த மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். கதவு நிலையில் பென்சில் கோடு போடுவதை மாமியார் எடுத்துக்கொண்டார். மாதம் ஒரு தடவை போதும் என்றால் கேட்பதில்லை, வெள்ளிக்கிழமை தோறும் போடுகிறார்.