கென்டக்கி 31: ஒரு புல்லும் சில மாலை வகுப்புகளும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருந்த நாட்களில், இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்களுக்கு உள்ளூர் வேளாண் விரிவாக்க அலுவலகம் (விவசாயிகளுக்குப் புதிய முறைகளைக் கற்றுத்தரும் அமைப்பு) நடத்திய மாலை வகுப்புகளுக்குப் போய்வந்தேன். கால்நடை மருத்துவம் படித்த எனக்குப் பாடத்தில் புதிதாக அதிகம் இல்லை. விவசாயிகள் கேட்கும் கேள்விகளுக்காகவே போனேன்.

மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இறைச்சி இனத் தாய்மாடுகள் மிகுந்த மாநிலம் அது என்றாலும், முப்பது நாற்பது மாடுகளை வைத்துக்கொண்டு பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்களே அங்கு அதிகம். ஆகவே வகுப்பு மாலை ஆறு மணிக்கு. முதலில் சாப்பாடு, பிறகுதான் பாடம். (வரிசையை மாற்றினால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு.) ஊசியைப் பின்தொடையில் போட்டால் விலை மிகுந்த சதை கெடும் என்பதால் கழுத்தில் போடுவது, தாய்மாட்டின் உடல் சதைப்பிடிப்பை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பிடுவது, பொலிகாளையை ஆண்டு முழுவதும் மந்தையில் விட்டுவைக்காமல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டும் விடுவது ஆகியவற்றை யாரும் மறுக்கவில்லை. புல்லைப் பற்றிய பாடத்தன்றுதான் வாக்குவாதம் எழுந்தது.

1931இல் அதே மாநிலத்தின் மெனிஃபி கவுண்டியில், மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கண்டெடுத்த ஃபெஸ்க்யூ புல், 1943இல் ‘கென்டக்கி 31’ என்ற பெயரில் வெளியிடப்பட்டது. வறட்சியையும் மாடுகளின் மிதியையும் தாங்கி மண்ணையும் பிடித்து நிறுத்திய அந்தப் புல்லை விரிவாக்க அலுவலர்களே ஊர் ஊராகப் பரப்பினார்கள். ஆனால் அதை மேய்ந்த மாடுகள் கோடையில் குளத்துக்குள் போய் நின்றன. குளிர்கால உரோமம் உதிரவில்லை. சினை பிடிப்பதும் குறைந்தது. புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கி உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது என்பது 1970களின் பிற்பகுதியில்தான் துலங்கத் தொடங்கியது. பூஞ்சை இல்லாத விதையைப் போட்டுப் பார்த்தார்கள். புல்லுக்குத் தாங்குதிறனைக் கொடுத்ததே அந்தப் பூஞ்சைதான் என்பதால், பல வயல்களில் புதிய புல் சில ஆண்டுகளிலேயே பட்டுப்போனது. இப்போது மூன்றாவதாக, மாட்டுக்குக் கேடு செய்யாத பூஞ்சை கொண்ட ரகங்கள் வந்திருக்கின்றன.

பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். தம் தந்தையிடம் இந்தப் புல்லைப் போடச் சொன்னதும், தம்மிடம் அதை அழிக்கச் சொன்னதும் இதே அலுவலகம்தான் என்றும், இம்முறையும் தவறினால் நட்டம் யாருடையது என்றும் கேட்டார். தொடர்கல்வி என்பது முன்பு சொன்னதைத் திருத்திச் சொல்வதும்தான் என்றால், அவர் கேட்டது நியாயமான கேள்வி. 1903இல் டெக்சஸின் டெரல் ஊரில், விரிவாக்கப் பணியின் முன்னோடியான சீமன் நாப் செயல்விளக்கப் பண்ணை அமைத்தபோது, அவர் சொன்னபடி பயிரிடும் விவசாயிக்கு நட்டம் நேர்ந்தால் ஈடுசெய்ய ஊரார் 1,000 டாலர் ஒதுக்கிவைத்தார்கள். அது தேவைப்படவில்லை, விவசாயிக்கு 700 டாலர் கூடுதலாகவே கிடைத்தது. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்–லீவர் சட்டம் விரிவாக்கப் பணியை நாடெங்கும் நிலைநிறுத்தியது. ஆனால் நட்டத்தை ஊர் சேர்ந்து சுமக்கும் அந்த ஏற்பாடு வழக்கமாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அலுவலர் தம் துறைக்காக வாதாடவில்லை. பழைய புல்லோடு குளோவர் என்ற தீவனப் பயிரின் விதையைக் கலந்துவிடுவதும், நஞ்சு மிகுந்திருக்கும் கதிர்களை வெட்டிவிடுவதும் செலவு குறைந்த வழிகள் என்று சொல்லிவிட்டு, ஐந்து ஏக்கரில் மட்டும் புதிய ரகத்தை விதைத்திருந்த ஒருவரின் மேய்ச்சல் நிலத்தில் அடுத்த வகுப்பை வைத்தார். அன்று முதியவர் யாரிடமும் பேசாமல் வேலியோரம் நின்று, மாடுகளின் முதுகில் பழைய உரோமம் உதிர்ந்திருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது விதையின் விலையை விசாரித்தார். எத்தனை ஏக்கருக்கு என்று அலுவலர் கேட்டதற்கு, இப்போதைக்கு இரண்டு போதும் என்றார்.